33 செண்ட் களர், 12 மூட்டை ஜிப்சம், கணக்குல விட்டுப்போன போர் தண்ணி

போன வாரம் மண் ரிப்போர்ட் வந்துச்சு, பிஎச் (மண்ணோட காரத்தைக் காட்டற எண்) 8.4. 2023 மே மாசம் இதே வயல்ல எடுத்த மண்ணுக்கு 9.4 இருந்துச்சு. ஒரு பாயிண்ட் தானேன்னு தோணும், ஆனா பிஎச்ல ஒரு பாயிண்ட் இறங்குதுன்னா காரம் பத்துல ஒரு பங்கா ஆயிடுச்சுன்னு அர்த்தம். ரிப்போர்ட்டை வாங்கிட்டு நேரா வயலுக்குத்தான் போனேன், அப்பாகிட்ட காட்டினேன், அவரு பேப்பரைப் பாக்கல, குனிஞ்சு ஒரு பிடி மண்ண எடுத்து உடைச்சுப் பாத்தாரு, உதிர்ந்துச்சு. எனக்கு அதுவே போதும். சோடியம் ஏறி இறுகிப்போன எங்க களர் நிலத்தை ஜிப்சம்ங்கற கால்சியம் உப்பைப் போட்டு மீட்ட கதை இது. நோட்டுல எல்லாம் எழுதி வச்சிருக்கேன், தப்பாப் போனதும் சேத்து, அதனால ஆரம்பத்துலேர்ந்தே வரிசையா எழுதறேன்.

எங்க ஊரு திருச்சியில மணிகண்டம் பக்கம். காவிரித் தண்ணி வர்ற வாய்க்கால்ல நாங்க கடைமடை, தண்ணி வந்தா உண்டு, வராட்டி போர்வெல் தான். நான் சொல்ற வயல் 33 செண்ட், ஊர்ல ஒரு மான்னு சொல்லுவாங்க. நல்லா விளைஞ்ச வருஷத்துலயே 60 கிலோ மூட்டையில மூணு மூட்டை தாண்டாது. நடுவுல திட்டுத் திட்டா பயிரே இருக்காது, காஞ்சா ஓரத்துல வெள்ளையா பூக்கும், நடுவுல கருப்பா எண்ணெய் ஊத்தின மாதிரி ஒரு படலம் கட்டும். மழை பேஞ்சா நாள்கணக்குல தண்ணி அப்படியே நிக்கும், ஆனா ஒரு முழம் தோண்டினா உள்ள காஞ்சு கிடக்கும். அப்பாயி சின்னப் பொண்ணா இருந்தப்ப இந்த மேல்மண்ண அள்ளிட்டுப் போய் அழுக்குத் துணிய ஊற வச்சு வெளுப்பாங்களாம். நான் பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் சேந்த வருஷம் வகுப்புல சோடியம் கார்பனேட் பத்தி பாடம் நடந்தப்போ, அது சலவைச் சோடான்னு சொன்னப்போ, எனக்கு அப்பாயி சொன்னதுதான் ஞாபகம் வந்துச்சு. எங்க வயல்ல இருக்கறது சலவைச் சோடா. அன்னிக்கே அந்த நினைப்பைப் பிடிச்சுக்கிட்டு போயிருந்தா ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும்.

நான் பிடிச்சது வேற. 2022 ஆகஸ்ட், அப்போ எனக்கு மண்ணைப் பத்தி தெரிஞ்சதெல்லாம் உப்பு ஜாஸ்தியானா தண்ணி விட்டுக் கழுவணும்ங்கறது மட்டும்தான். வெள்ளையா பூக்குது, அப்போ உப்பு, அப்போ கழுவணும். அப்பாகிட்ட சண்டை போட்டு வாய்க்கால் தண்ணிய மூணு தடவை நிரப்பி நிரப்பி வடிச்சோம். வடிஞ்ச தண்ணி டீ டிக்காஷன் கலர்ல போச்சு, உப்பு போகுதுன்னு சந்தோஷப்பட்டேன். காஞ்சதுக்கப்புறம் பாத்தா நிலம் பாளம் பாளமா வெடிச்சு, மம்பட்டி போட்டா டங்குன்னு சத்தம் வருது. அந்த வருஷ சம்பாவுல அந்த வயல்ல ஒரு மூட்டைகூட தேறல.

ஏன்னு இப்ப தெரியும். உவர் வேற, களர் வேற. உவர்ல கரையற உப்பு ஜாஸ்தி, அதைத் தண்ணி விட்டே கழுவிடலாம். களர்ல பிரச்சனை சோடியம், அது களிமண் துகள்லயே ஒட்டிக்கிட்டு இருக்கும், துகளை ஒண்ணோட ஒண்ணு சேரவிடாம பிரிச்சு வச்சிருக்கும். எங்க மண்ணுல ரெண்டும் கொஞ்சம் இருந்திருக்கு. கரையற உப்பு இருந்த வரைக்கும் அதுதான் களிமண்ண கொஞ்சமாச்சும் கட்டியா பிடிச்சு வச்சிருந்துச்சு, நான் அதையும் கழுவி விட்டதால மிச்சம் இருந்த சோடியம் மொத்தத்தையும் சேறாக்கி துவாரத்தை எல்லாம் அடைச்சிருச்சு. டிக்காஷன் கலர்ல போனது உப்பு இல்ல, மண்ணோட மக்கு (மக்கிப்போன இலைதழை) கரைஞ்சு போயிருக்கு.

2023ல மறுபடி ஆரம்பிச்சப்போ முதல்ல மண்ணைத் தெரிஞ்சுக்கணும்னு முடிவு பண்ணேன். அதுலயும் முதல் சாம்பிள் தப்பு, வரப்பு ஓரமா எருக்குழி பக்கத்துல சுலபமா வெட்ட வந்த இடத்துல எடுத்துட்டேன், எப்படி எடுக்கணும்னு படிச்சதும் அந்த மண்ணைத் தூக்கிப் போட்டுட்டேன். ரெண்டாவது தடவை வளைஞ்சு வளைஞ்சு நடந்து பத்து இடத்துல எடுத்தேன். மேல இருக்கற குப்பையைத் தள்ளிட்டு V வடிவத்துல 15 செ.மீ. ஆழம் வெட்டி, அந்தக் குழியோட ஒரு பக்கத்துச் சுவர்லேர்ந்து மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு இன்ச் கனத்துக்கு சீவி எடுக்கணும். பிளாஸ்டிக் வாளியில போட்டுக் கலந்து, சாக்குல பரப்பி நாலா பிரிச்சு எதிர் எதிர் ரெண்டு பங்கைத் தள்ளி, மறுபடி மறுபடி பண்ணி அரைக்கிலோவுக்குக் கொண்டு வந்து நிழல்ல காய வச்சுக் கொடுத்தேன். பிஎச் 9.4, இசி (கரைஞ்ச உப்போட அளவு) 0.9, மாற்றுச் சோடியம், அதாவது களிமண் துகள்ல ஒட்டியிருக்கற சோடியம், 31 சதவீதம். இசி 4க்கு மேல இருந்தாத்தான் உவர். பிஎச் 8.5க்கு மேல, சோடியம் 15 சதவீதத்துக்கு மேல இருந்தா களர். அப்பாயி சின்ன வயசுலேர்ந்து சொன்ன பேரே சரி.

லேப் ரிப்போர்ட் ஒரு தடவைதான் வரும், வயல்ல தினம் பாக்கறதுக்கு எனக்கு வேற மூணு விஷயம் உதவுச்சு.

முதல்ல பினாப்தலீன், காரம் பட்டா ரோஸ் ஆகற திரவம். காலேஜ் லேப்ல கேட்டு ஒரு சின்ன டிராப்பர் பாட்டில்ல வாங்கினேன். வெள்ளை கப்ல ஒரு ஸ்பூன் மண், கொஞ்சம் தண்ணி, கலக்கி விட்டு ரெண்டு சொட்டு. பிஎச் 8.2 தாண்டினா ரோஸ் ஏற ஆரம்பிக்கும், எங்க மண்ணு பீட்ரூட் ஜூஸ் மாதிரி ஆச்சு. முதல் நாள் போர் தண்ணிய ஊத்திப் பண்ணேன், அப்போ மண்ணு போடாத கப்லயே லேசா ரோஸ் வந்துச்சு. சரி இந்தத் தண்ணி டெஸ்டுக்கு ஆகாதுன்னு பேட்டரி தண்ணி (உப்பு இல்லாத டிஸ்டில்டு வாட்டர்) ஒரு கேன் வாங்கிட்டு வந்து அதுல தொடர்ந்தேன். நோட்டுல ஓரமா "போர் தண்ணி, லேசா ரோஸ்"ன்னு எழுதியும் வச்சிருக்கேன். எழுதிட்டு அப்படியே தாண்டிப் போயிட்டேன். இந்தக் கதையில பெரிய தப்பு அதுதான், பின்னாடி வரேன்.

ரெண்டாவது பாட்டில். ரெண்டு ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில், ரெண்டுலயும் நூறு கிராம் மண், பிடிச்சு வச்ச மழைத்தண்ணி. ஒண்ணுல மட்டும் ஒரு டீஸ்பூன் ஜிப்சம். ரெண்டையும் அம்பது குலுக்கு குலுக்கி திண்ணையில வச்சேன். ஜிப்சம் போட்டது ஒரு மணி நேரத்துல மேல தெளிஞ்சிருச்சு, போடாதது மூணு நாள் கழிச்சும் பால் காபி மாதிரியே இருந்துச்சு. ஜிப்சம்ல இருக்கற கால்சியம் சோடியத்தைத் தள்ளிட்டு அந்த இடத்துல உக்காருது, துகள் ஒண்ணோட ஒண்ணு சேந்து கீழ இறங்குது. புத்தகத்துல நாலு தடவை படிச்சிருக்கேன், திண்ணையில பாத்தப்போதான் புரிஞ்சுது. அப்பாவையும் இதுதான் சம்மதிக்க வச்சுது, அதுவரைக்கும் "காசைக் கொண்டு போய் களர்ல கொட்டச் சொல்றியாம்மா"ன்னு சொல்லிட்டு இருந்தாரு.

மூணாவது ரிங், மண்ணுக்குள்ள தண்ணி எவ்வளவு வேகமா இறங்குதுன்னு பாக்க. 6 இன்ச் பிவிசி பைப் 20 செ.மீ. நீளத்துக்கு அறுத்து, ஒரு ஓரத்தை அரம் போட்டு கூராக்கி, மேல பலகை வச்சு சுத்தியால தட்டி 5 செ.மீ. இறக்கணும். உள்ள ஸ்கேல் ஒட்டி 10 செ.மீ. தண்ணி ஊத்தி ஒரு மணி நேரம் கழிச்சு எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாக்கணும். எங்க வயல்ல 2 மி.மீ. பக்கத்து வயல் சித்தப்பாகிட்ட கேட்டு அவங்க நிலத்துல வச்சுப் பாத்தேன், 14.

ஜிப்சம் தேவை ஏக்கருக்கு 3.6 டன்னு ரிப்போர்ட்ல இருந்துச்சு. அதுல பாதி போட்டாப் போதும்ங்கறதுதான் இங்க பரிந்துரை, பாதின்னா 1.8 டன், எங்க 33 செண்டுக்கு 600 கிலோ, 12 மூட்டை. மூட்டை அப்போ 280 ரூபா. வந்து இறங்கின அன்னிக்கு அவசரத்துல இன்னொரு தப்பு பண்ணேன், நாலு மூட்டையை காஞ்ச நிலத்துல தூவி நல்லா ஆழமா உழவு ஓட்டச் சொல்லிட்டேன். ஆழமா போனா மொத்த மண்ணுக்கும் பரவிடும், மேல 10 செ.மீ.ல எவ்வளவு வேணுமோ அது இருக்காது. அதைவிட முக்கியம், வடிகால் வெட்டல. ஜூன்ல ஒரு நல்ல மழை பேஞ்சு ஆறு நாள் தண்ணி நின்னுச்சு, வெயில்ல வத்துச்சு. கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிடுது சரி, தள்ளின சோடியம் எங்க போகும், அங்கேயே நின்னு அங்கேயே காஞ்சுது. கப் டெஸ்ட்ல அதே பீட்ரூட் கலர்.

அப்புறம்தான் வடிகால். நிலம் சாயற பக்கம் முழுக்க ரெண்டு அடி ஆழம் ஒண்ணரை அடி அகலம், ஜேசிபி ஒரு மணி நேரம். இங்க ஒரு விஷயம் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. எங்க வயல்லேர்ந்து வடியற சோடியம் தண்ணி சித்தப்பா வயல் ஓரமா போய்த்தான் ஓடையில சேரும். என் நிலத்தை சரிபண்ணி அவங்க நிலத்தைக் கெடுத்தா அது என்ன படிப்பு. அப்பா போய் அவங்ககிட்ட பேசினாரு, அவங்க வரப்பை உயர்த்திக் கட்டிக் கொடுத்தோம், ஓடையில தண்ணி நல்லா ஓடற நாள்ல மட்டும் வடிக்கறதுன்னு முடிவு பண்ணோம். கீழ்ப்பக்கம் எவ்வளவு தூரத்துக்கு அந்த உப்பு போச்சுன்னு நான் அளக்கல, அளந்திருக்கணும்.

ஆகஸ்ட்ல வாய்க்கால் தண்ணி வந்ததும் நிலத்தைச் சமப்படுத்தி, வரப்பை அணைச்சு, 10 செ.மீ. தண்ணி கட்டி, மிச்ச எட்டு மூட்டை ஜிப்சத்தையும் தூவி சேறா ஓட்டினோம். ஒரு நாள் ஒரு ராத்திரி நிக்க விட்டோம். மறுநாள் காலையில போய்ப் பாத்தப்போ வயல் தண்ணியில வானம் தெரியுது. இந்த வயல்ல நான் பொறந்ததுலேர்ந்து தெளிஞ்ச தண்ணிய பாத்ததில்ல, எப்பவும் கலங்கல்தான். அதைத் தெளிஞ்சவாக்குல வடிச்சு, திரும்பக் கட்டி, கலக்கி, வடிச்சு, மொத்தம் நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் அஞ்சு இடத்துல மண்ணு எடுத்து கப் டெஸ்ட் பண்ணேன். முதல் வடிப்புக்கப்புறம் பெருசா வித்தியாசம் இல்ல, ரெண்டாவதுல ரோஸ் இறங்குச்சு, நாலாவதுல அஞ்சு கப்ல மூணுல நிறமே வரல, ரெண்டுல லேசா. அந்த ரெண்டும் நான் முன்னாடி சொன்ன நடுத்திட்டு. லேப்ல பிஎச் 8.6.

அதுக்கப்புறம் தக்கைப்பூண்டு, மடக்கி உழற பசுந்தாள் உரச்செடி, ஏழு கிலோ விதை. தழைச்சத்துக்காகத்தான் போடறதுன்னு நினைச்சிருந்தேன், களர்ல அதுக்கு இன்னொரு வேலையும் இருக்கு, மக்கும்போது வர்ற கரியமில வாயு மண்ணுல ஏற்கனவே இருக்கற சுண்ணாம்பைக் கரைச்சு கால்சியத்தை வெளிய விடும். 40 நாள்ல இடுப்பு உயரம் வந்துச்சு, நடுத்திட்டுல மட்டும் முழங்கால். மடக்கி உழுதோம். நெல்லு திருச்சி 3, நவலூர் குட்டப்பட்டுல இருக்கற அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியில களர் நிலத்துக்குன்னே உருவாக்கின ரகம், 135 நாள். நாத்தை கொஞ்சம் முத்த விட்டு, குத்துக்கு நாலு நாத்து வச்சோம். ஜிங்க் சல்பேட் (துத்தநாக உரம்) சாதாரண நிலத்துக்கு ஏக்கருக்கு 10 கிலோன்னா களருக்கு 15, எங்களுக்கு 5 கிலோ, மணல்ல கலந்து தூவினோம். டிஏபி உரத்தோட கலந்து போட்டா ஒரே வேலையா முடியும்னு சொன்னாங்க, அதுல இருக்கற மணிச்சத்து துத்தநாகத்தைப் பிடிச்சு வச்சுக்கும்னு சொல்லித் தடுத்துட்டேன். நான் படிச்சது வயல்ல நேரா பயன்பட்ட சின்ன விஷயம்னா அதுதான்.

நட்டது அக்டோபர் முதல் வாரம். 2023ல என்ன ஆச்சுன்னு இந்தப் பக்கம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அணையில இருப்பு இல்லாம அக்டோபர்ல மேட்டூர்லேர்ந்து பாசனத்துக்குத் தண்ணிய நிறுத்திட்டாங்க. எங்க வாய்க்கால் காஞ்சுது. போரைப் போட்டோம், மழை கைகொடுத்த நாள் போக மிச்ச நாளெல்லாம் போர்தான். ஆறு மூட்டை வந்துச்சு. வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், மூணு ஆறாச்சே. அறுப்பு முடிஞ்சு நான் வழக்கம்போல கப்பை எடுத்துட்டுப் போனேன், அஞ்சு கப்பும் ரோஸ். லேப்ல 8.9. ரிங்ல ஆகஸ்ட்ல 8 மி.மீ. இறங்கிட்டு இருந்தது 5 ஆகியிருந்துச்சு.

ரெண்டு நாள் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தேன். ஜிப்சம் பத்தலையா, மட்டமான ஜிப்சமா, வடிகால் அடைச்சுக்கிச்சான்னு ஒவ்வொண்ணா யோசிச்சு, கடைசியா முதல் பக்கத்துல ஓரமா நானே எழுதின வரி கண்ணுல பட்டுச்சு. போர் தண்ணி, லேசா ரோஸ். மண்ணே போடாத தண்ணி ரோஸ் ஆச்சுன்னா அந்தத் தண்ணியிலயே கார்பனேட் இருக்குன்னு அர்த்தம். அன்னிக்கே போரை லேப்ல கொடுத்திருக்கணும். இப்போ கொடுத்தேன். ஆர்எஸ்சின்னு ஒரு அளவு பாப்பாங்க, தண்ணியில இருக்கற கார்பனேட், பைகார்பனேட் கூட்டுத்தொகையிலேர்ந்து கால்சியம், மக்னீசியத்தைக் கழிச்சா மிச்சம் வர்றது. 2.5 தாண்டினா பாசனத்துக்கு ஆகாது. எங்களுது 5.2. அந்தத் தண்ணி வயலுக்குப் போனா மண்ணுல இருக்கற கால்சியத்தை சுண்ணாம்பாக்கிப் படிய வச்சுடும், சோடியம் திரும்ப அந்த இடத்துல வந்து உக்காரும். நான் 12 மூட்டையில ஏத்தினதை மோட்டார் ஒரே பருவத்துல இறக்கிட்டு இருந்திருக்கு. எங்க நிலம் களரானதுக்கே இந்தத் தண்ணி ஒரு காரணமா இருக்கும்னு அன்னிக்குத்தான் தோணுச்சு. அதுவரைக்கும் நான் மண்ணை மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன்.

தண்ணியையும் ஜிப்சத்தாலயே சரிபண்ணலாம். கணக்கு போட்டேன், ஆர்எஸ்சியில ஒண்ணைக் குறைக்க லிட்டருக்கு 86 மில்லிகிராம் ஜிப்சம். 33 செண்டுல 5 செ.மீ. தண்ணி கட்ட சுமார் 67,000 லிட்டர் ஆகும், மூணு குறைக்கணும்னா ஒரு பாசனத்துக்கு 17 கிலோ கரையணும். முதல்ல செலவில்லாம பாக்கலாம்னு தூள் ஜிப்சத்தை சணல் சாக்குல கட்டி வாய்க்கால்ல போட்டேன், ரெண்டே நாள்ல உள்ள இறுகி சிமெண்ட் மூட்டை மாதிரி ஆயிடுச்சு, தண்ணி சுத்திக்கிட்டு போகுது. தூள் ஆகாது, கட்டி வேணும்.

அதனால தொட்டி. மோட்டார் வாய்க்குப் பக்கத்துல 6க்கு 4 அடி, 3 அடி உயரம், ஹாலோ பிளாக் 80. தண்ணி கீழருந்து உள்ள வந்து கம்பி வலை மேல அடுக்கின ஜிப்சம் கட்டி வழியா மேல ஏறி வழிஞ்சு வாய்க்காலுக்குப் போகும். முதல் நாள் மோட்டாரை முழுசா திறந்து விட்டேன், தண்ணி ஓடற வேகத்துக்கு ஒண்ணும் கரையல, வெளிய வர்ற தண்ணியும் லேசா ரோஸ். கேட் வால்வைப் பாதி மூடினதுக்கப்புறம் ரோஸ் நின்னுச்சு. பாசனத்துக்கு நேரம் ரெண்டு மடங்கு ஆகுது, ராத்திரி மோட்டார் போடற வேலை அப்பாவுக்கு. லேப்ல வெளிவாய்த் தண்ணி ஆர்எஸ்சி 2.1. காலேஜ்ல பெரம்பலூர் பக்கம் காரைங்கற ஊருக்குக் கூட்டிட்டுப் போனப்போ அந்தச் செம்மண் பள்ளத்தாக்குல ஜிப்சம் நரம்பு நரம்பா வெயில்ல மின்னிட்டு இருந்துச்சு, ஒரு காலத்துக் கடல் அடியில படிஞ்ச களிமண் அது. தொட்டியில கட்டியை அடுக்கும்போதெல்லாம் அந்த இடம் ஞாபகம் வரும்.

செலவு. நிலத்துக்கு ஜிப்சம் 3,360, டாடா ஏஸ் வாடகை 800, ஜேசிபி 1,200, தக்கைப்பூண்டு 630, டிராக்டர் 3,600, ஆக 9,590. தொட்டிக்கு பிளாக் 3,040, சிமெண்ட் 4 மூட்டை 1,600, கொத்தனார் ரெண்டு நாள் 2,000, வலை 650, கட்டி ஜிப்சம் அரை டன் 2,500, ஆக 9,790. மொத்தம் 19,380 ரூபா. ஒரு மா நிலத்துக்கு இது பெரிய காசு, உடனே திரும்பி வராது. அரை டன் கட்டி ஏறக்குறைய முப்பது பாசனத்துக்கு வரணும், அதுக்கப்புறம் திரும்ப வாங்கணும்.

2024ல ஒரு நாலு மூட்டை ஜிப்சம் மட்டும் நடுத்திட்டுக்குப் போட்டு ரெண்டு தடவை வடிச்சோம், மறுபடி தக்கைப்பூண்டு, மறுபடி திருச்சி 3. அந்தப் பயிர் அறுப்புல ஒன்பது மூட்டை. பிஎச் 8.4, ரிங்ல 9 மி.மீ. ஆனா இதை முழுசா தொட்டிக்குக் கொடுக்க எனக்கு மனசு வரல. 2024ல மேட்டூர் நிரம்புச்சு, வாய்க்கால்ல தண்ணி நல்லா வந்துச்சு, போரைப் போட்டதே ஏழு தடவைதான். இறங்கினது தொட்டியாலயா வாய்க்கால் தண்ணியாலயான்னு என் டேட்டாவால சொல்ல முடியாது, ஏன்னா நான் நிலத்தைப் பிரிக்கல, மொத்தத்துக்கும் ஒரே மாதிரி பண்ணிட்டேன். இப்போ எம்.எஸ்சி.ல கைடு கேட்ட முதல் கேள்வியே கன்ட்ரோல் பிளாட் (ஒப்பிட்டுப் பாக்கன்னு மாத்தாம விடற பகுதி) எங்கன்னுதான்.

இதே வேலையை முதல்லேர்ந்து பண்ணணும்னா ஜிப்சம் வாங்கறதுக்கு முன்னாடி தண்ணிய லேப்ல கொடுப்பேன், மண்ணோட சேத்து அதே நாள்ல. வடிகாலை வெட்டிட்டுத்தான் மூட்டையைப் பிரிப்பேன். தொட்டியை இன்னும் ரெண்டு அடி நீளமா கட்டுவேன், வால்வை மூட வேண்டியிருக்காது. வடியற தண்ணியை ஓடையில மூணு இடத்துல பிடிச்சு இசி பாப்பேன்.

வயலுக்கு மேல்பக்கம் இன்னொரு 20 செண்ட் களர் அப்படியே கிடக்கு. இந்தத் தடவை அதுக்குக் குறுக்க வரப்புப் போட்டு ரெண்டாப் பிரிச்சாச்சு, ஜிப்சம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஒரு பாதிக்குத் தொட்டித் தண்ணி, ஒரு பாதிக்கு நேரா போர் தண்ணி. தெரிஞ்சே பாதி நிலத்துக்கு கெட்ட தண்ணி விடறதான்னு அப்பாயிக்கு மனசே இல்ல, அஞ்சு செண்டாவது குறைச்சுக்கோன்னு கேட்டுட்டே இருந்தாங்க. போர் பாதியை அஞ்சு செண்டாக் குறைச்சுட்டேன். நாளைக்கு ரெண்டு பக்கமும் ரிங் இறக்கணும்.